அம்பும் எய்தவனும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குகின்றோம். அது நம்முடையதாகின்றது. அதனைத் திறந்து பார்க்கவும், பழுது நீக்கவும், நம் விருப்பப்படி மாற்றியமைக்கவும், வேண்டாதபோது பிறருக்கு விற்கவும் நமக்கு உரிமை உண்டு. வாங்கிய மிதிவண்டியின் கைப்பிடியை மாற்றுவதற்கு அதனைச் செய்த ஆலையாரிடம் எவரும் அனுமதி கேட்பதில்லை. ஆயின் அப்பொருள், பலர் கூடும் ஒரு பொது அரங்கினுள் நுழைந்து பயன் தருவதாக இருப்பின் அவ்வுரிமைக்கு எல்லை எது? அரங்கினைக் கட்டிக் காப்பவர், மாற்றியமைத்த பொருளோடு வருபவனை வாயிலிலேயே தடுக்கலாமா? தடுக்கலாம் எனின், அத்தடை யாரைச் சேர வேண்டும்? பொருளையா, அதற்கு இன்று உரியவனையா, அன்று மாற்றத்தைச் செய்தவனையா?

இவை ஏட்டளவில் எழுந்த வினாக்கள் அல்ல. சிறுவர்களும் இளைஞர்களும் ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் வழக்கிலிருந்து எழுந்தவை. 'விளையாட்டுதானே' என்று ஒதுக்கிவிடாமல் வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் உடன்வர வேண்டுகின்றோம். விளையாட்டின் உள்ளே உடைமை, களவு, தண்டனை ஆகிய மூன்றும் அடங்கிக் கிடப்பதைக் காண்போம்.

நிகழ்ந்தது என்ன?

அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியையும், 2005ஆம் ஆண்டில் அதன் அடுத்த வடிவமான எக்ஸ்பாக்ஸ் 360ஐயும் வெளியிட்டது. தொலைக்காட்சியோடு இணைத்து வீட்டிலிருந்தே இதில் தனித்து ஆடலாம். 2002 நவம்பரில் தொடங்கப்பெற்ற எக்ஸ்பாக்ஸ் லைவ் என்னும் இணையச் சேவையில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தால், உலகின் எந்த மூலையில் உள்ளவரோடும் எதிரெதிர் நின்று ஆட முடிந்தது. 2009இல் இதன் ஆண்டுக் கட்டணம் அமெரிக்காவில் ஏறத்தாழ 50 டாலர்.

இப்பெட்டியினுள் ஒரு வாயிற்காவலன் உண்டு. விளையாட்டு வட்டினை உள்ளே இட்டவுடன், வட்டினைச் சுழற்றும் இயக்கி, அது நிறுவனத்தார் வெளியிட்ட மூல வட்டுதானா என்று சோதித்துப் பெட்டிக்கு விடை கூறும். மூல வட்டெனில் ஆட்டம் தொடங்கும். படி எடுத்த வட்டெனில் தொடங்காது. மாற்றியமைப்போரிற் பலர் செய்தது யாதெனின், அவ்வியக்கியின் உள்ளிருக்கும் மென்பொருளை மாற்றி, படி எடுத்த வட்டினையும் 'இது மூல வட்டே' என்று கூறுமாறு பழக்கியதுதான். பெட்டி கேட்கும், இயக்கி பொய்யுரைக்கும், பெட்டி அதனை மெய்யென நம்பும்.

இத்தகைய பெட்டிகளைக் கண்டறிந்து, எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையிலிருந்து நீக்குவதாக 2007 மே மாதத்தில் நிறுவனம் அறிவித்தது. 2009 நவம்பரில் அந்நடவடிக்கை பேரலையாக எழுந்தது. 'கால் ஆஃப் டியூட்டி' வரிசையில் ஒரு புதிய விளையாட்டு அம்மாதம் 10ஆம் நாள் வெளிவந்தது. அதனைப் பலரோடு கூடி ஆடப் பெட்டிகளை முடுக்கியவர்களிற் பெருந்தொகையினர், தம் பெட்டி சேவையிலிருந்து நிலையாக நீக்கப்பட்டது என்னும் அறிவிப்பையே கண்டனர். நீக்கப்பட்ட பெட்டிகள் பத்து லட்சம் வரை இருக்கலாம் எனச் செய்தியேடுகள் எழுதின. நிறுவனமோ, ஏறத்தாழ 2 கோடி உறுப்பினர்களில் இது ஒரு சிறு விழுக்காடே என்று கூறி நிறுத்திக்கொண்டது.

அரங்கினரின் நியாயம்

முதலில் நிறுவனத்தின் பக்கம் நின்று நோக்குவோம். சந்தையில் வணிகர் பயன்படுத்தும் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை உண்டு. அடிப்புறம் குடைந்து எடை குறைத்த கல் ஒன்றை ஒருவன் தன் வீட்டில் வைத்துக்கொண்டு ஊறுகாய்ச் சாடியின் மூடிமேல் பாரமாக வைக்கலாம். அதனால் எவருக்கும் தீங்கில்லை. அதே கல்லைச் சந்தைக்குக் கொணர்ந்து தராசில் ஏற்றுவானாயின், 'கல் என்னுடையது, விலை கொடுத்து வாங்கினேன்' என்னும் வாதம் அங்கே செல்லாது. கல் அவனுடையது; தராசின் நேர்மையோ சந்தைக்கு வரும் அனைவருடையது.

இணைய அரங்கும் இத்தகையதே. எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியில் நிறுவனத்தின் ஒப்புதல் பெறாத மென்பொருளையும் இயக்கும் வழி 2009இல் கண்டறியப்பட்டது. அதன் பின்னர், சிலர் விளையாட்டின் விதிகளையே உள்ளிருந்து திருத்தி, எதிராளிக்கு இல்லாத ஆற்றல்களைத் தமக்கு ஆக்கிக்கொண்டு அரங்கேறினர். நேர்மையாகக் கட்டணம் செலுத்தி வந்த ஒரு சிறுவன், தான் ஏன் தோற்கின்றோம் என்று அறியாமலேயே தோற்றான். 'நாங்களும் கட்டணம் செலுத்தினோமே' என்று நீக்கப்பட்டவர் முறையிட்டனர். உண்மைதான். ஆனால் எதிரில் இருந்தவனும் செலுத்தினான். சமநிலமான ஆடுகளம் ஒன்றிற்காகவே அவன் செலுத்தினான். ஒருவனுடைய கட்டணம் மற்றவனுடைய களத்தைக் குழி பறிக்கும் உரிமையைத் தருவதில்லை.

படி எடுத்த வட்டில் ஆடுவோர் இன்னொரு வாதம் கூறுவர். 'மூலம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. எவருடைய பெட்டகமும் வெறுமையாகவில்லை. இது எவ்வாறு களவாகும்?' என்பர். நம் பெரியோர் களவு என்பதனைப் பெட்டகம் வெறுமையாவதைக் கொண்டு அளக்கவில்லை. கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் என்றே வரையறுத்தனர். ஒரு பெரிய விளையாட்டின் பின்னே ஓவியர், இசைஞர், கணிப்பொறி வல்லுநர் எனப் பல நூற்றுவரின் பல்லாண்டு உழைப்பு இருக்கின்றது. அவ்வுழைப்பை அவர்கள் ஒரு விலைக்குத் தர இசைந்தனர். விலையின்றிக் கொள்பவன் அவர்கள் தராததைக் கொள்கின்றான். பொருள் குறைந்ததா என்பதன்று வினா. இசைவு இருந்ததா என்பதே வினா.

ஆகவே, அரங்கின் வாயிலில் நின்று 'இப்பெட்டியோடு உள்ளே வாராதே' என்று தடுப்பது அறத்திற்கு மாறானதன்று என்பதே நம் துணிபு.

மாற்றியமைத்தோர் அனைவரும் கள்வரா?

இனி மறுபக்கம். பெட்டியைத் திறந்தவர் யாவரும் களவின் பொருட்டே திறந்தனர் என்று கொள்வது பெரும் பிழையாகும். மாற்றியமைத்த முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் பாட்டும் படமும் இயக்குவதற்கென ஆர்வலர் சிலர் 2002இல் ஒரு மென்பொருளை ஆக்கத் தொடங்கினர். அதுவே வளர்ந்து, 2014 முதல் கோடி என்னும் பெயருடன் உலகெங்கும் கட்டணமின்றிப் பயன்பட்டு வருகின்றது. பொதுநலனுக்குப் பயன்பட்ட அவ்விதை, மாற்றியமைத்த பெட்டியில்தான் முளைத்தது.

பழுது நீக்குவோரின் நிலையும் எண்ணத்தக்கது. எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டி ஒவ்வொன்றும் தன் வட்டு இயக்கியோடு ஒரு மறைகுறியால் பிணைக்கப்பட்டிருந்தது. இயக்கி பழுதானால் கடையில் வேறோர் இயக்கியை வாங்கிப் பொருத்தினால் போதாது. பழையதன் மறைகுறியைப் புதியதனுள் பதித்தாக வேண்டும். அதற்கு வேண்டிய கருவியும் கைத்திறனும், களவுக்காக இயக்கியை மாற்றுவோன் கையாளுபவற்றை ஒத்தனவே. ஒரே கத்தி மருத்துவர் கையிலும் உண்டு, கொலைஞன் கையிலும் உண்டு. இதனை உணர்ந்தே அமெரிக்காவில் 2021இல் ஒரு விதிவிலக்கு வழங்கப்பட்டது. பழுதான வட்டு இயக்கியைச் சீர்செய்யவோ மாற்றவோ மட்டும் பெட்டியின் பூட்டைக் கடக்கலாம், பணி முடிந்தபின் பூட்டினை முன்போல் அமைத்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. நோக்கத்தைக் கொண்டு செயலை அளக்கும் நல்ல நெறி இது.

நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் பெட்டியில் மாற்றுச் சில்லுகளைப் பொருத்தி விற்ற ஒருவர்மீது ஆஸ்திரேலியாவில் வழக்குத் தொடரப்பட்டது. அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 2005 அக்டோபரில், பெட்டியிலுள்ள பூட்டு படி எடுப்பதைத் தடுக்கவில்லை, படியினை ஆடுவதையே தடுக்கின்றது. ஆதலின் அது சட்டம் குறிக்கும் காப்புப் பூட்டு ஆகாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் சட்டமே திருத்தப்பட்டது. சட்டம் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே சட்டத்தை மட்டும் பற்றிக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இயலாது.

எய்தவன் இருக்க அம்பை நோதல்

இப்போது நம் கட்டுரையின் நடுநாயகமான வினாவுக்கு வருகின்றோம். 2009இல் தடை விதிக்கப்பட்டது பெட்டிக்கே, ஆட்டக்காரரின் கணக்கிற்கன்று. ஆட்டக்காரர் தம் பெயரையும் வெற்றிகளையும் கட்டணத்தின் எஞ்சிய காலத்தையும் இழக்கவில்லை. இன்னொரு பெட்டியை வாங்கினால் அதே பெயருடன் மீண்டும் அரங்கேறலாம். இதனால் விளைந்தது யாது? தடை பெற்ற பெட்டிகள் பழம்பொருள் விற்கும் இணையச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தன. தடையை வெளிப்படையாகச் சொல்லி விலை குறைத்து விற்றவரும் உளர். சொல்லாமல் மறைத்து விற்கவும் வழி இருந்தது.

ஓர் ஏழைத் தந்தை, புதிய பெட்டி வாங்க இயலாது, மகன் பிறந்தநாளுக்கெனப் பழைய பெட்டி ஒன்றை வாங்குகின்றார் என்று கொள்வோம். வீட்டிற்குக் கொணர்ந்து முடுக்கியதும், 'இப்பெட்டி நிலையாக நீக்கப்பட்டது' என்னும் அறிவிப்பு வருகின்றது. அத்தந்தை செய்த குற்றம் யாது? அச்சிறுவன் செய்த குற்றம் யாது? குற்றம் புரிந்தவனோ அப்பணத்தைக் கொண்டே புதிய பெட்டி வாங்கி, அரங்கில் அமர்ந்து ஆடிக்கொண்டிருக்கின்றான். ஒருவன் விதைத்ததை மற்றொருவன் அறுக்கின்றான். வினை செய்தவனையே சேரும் என்பதும், எவருடைய வினையையும் எவரும் கைமாற்றித் தர இயலாது என்பதும் நாம் வழிவழியாகப் போற்றிவரும் கொள்கை. இங்கோ வினை ஒரு பெட்டியின்மேல் ஒட்டப்பட்டு, கடைதோறும் விலை பேசப்படுகின்றது.

பெட்டிக்கு ஏன் தடை விதித்தனர் என்பதும் அறியத்தக்கதே. மனிதன் புதுப்புதுப் பெயர்களில் கணக்குத் தொடங்க வல்லவன். பெட்டிக்கு அமைந்த எண்ணோ எளிதில் மாறாதது. பிடிக்க எளிது எதுவோ அதனைப் பிடித்தனர். பிடிக்க எளிதானவனே குற்றவாளி என்பது அதனால் மெய்யாகிவிடாது. மேலும் ஒன்று உளது. குற்றம் செய்தவன் மீண்டும் ஆட வேண்டுமாயின் அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியை வாங்க வேண்டியவனாகின்றான். அந்நோக்கம் கொண்டே தடை விதித்தனர் என்று நாம் கூற முன்வரோம். ஆயினும், தண்டனையால் தண்டிப்போரின் வாணிபம் பெருகுமாயின், அத்தண்டனை தன் நேர்மையைப் பிறரினும் இருமடங்கு மெய்ப்பித்துக் காட்டக் கடமைப்பட்டதாகும்.

'மறைத்து விற்றவனே பழிக்குரியவன். நிறுவனம் என் செய்யும்?' என்பர். முதற்பழி மறைத்தவனுக்கே என்பதில் ஐயமில்லை. ஆயினும், வாங்குவோன் பெட்டியின் எண்ணைக் கொண்டு அதன் நிலையை முன்கூட்டியே அறிய வழி செய்வது அரங்கினருக்கு அரிதன்று. களவுபோன தொலைபேசிகளைப் பற்றி நம் நாட்டில் இவ்வழி இருக்கின்றது. கைத்தொலைபேசியின் அடையாள எண்ணை அரசின் பதிவேட்டில் சோதித்து, அது தடை செய்யப்பட்டதா என்று வாங்குமுன்னரே எவரும் அறியலாம். 2023 மே முதல் அவ்வமைப்பு நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. தடை விதிக்கும் ஆற்றல் உடையவர்க்குத் தடையை அறிவிக்கும் கடமையும் உண்டு.

நிண்டெண்டோ நிறுவனம் 2025 ஜூன் மாதத்தில் வெளியிட்ட ஸ்விட்ச் 2 பெட்டியிலும் இதே வினா எழுந்தது. அந்நிறுவனத்தின் விளையாட்டுச் சில்லு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மின்சான்றினைக் கொண்டது. ஒரே சான்று பல படிகளில் தோன்றுமாயின் அது களவின் அடையாளமாகக் கொள்ளப்படும். பழைய சில்லுகளைப் பிறரிடமிருந்து நேர்மையாக வாங்கிய ஒருவரின் பெட்டியும் அவ்வாறு இணையச் சேவையிலிருந்து தடுக்கப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது. முன்னர் வைத்திருந்தவர் படி எடுத்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அவர் சான்று காட்டி முறையிட்டதும் தடை நீக்கப்பட்டது. முறையீட்டுக்குச் செவி சாய்த்தது பாராட்டத்தக்கதே. ஆயின், குற்றமற்றவன் தன் குற்றமின்மையைத் தானே மெய்ப்பிக்கும் நிலை நேர்ந்ததன்றோ?

வாயிலைக் கடந்த கை

மேலும் நுணுகி நோக்கத்தக்கது, தண்டனை எங்கே நிற்க வேண்டும் என்பது. சந்தை அலுவலர் பொய்க்கல்லைக் கண்டால் அதனைச் சந்தைக்கு வெளியே நிறுத்தலாம். அவனைப் பின்தொடர்ந்து வீடு புகுந்து, அவன் வீட்டு அம்மியையும் உரலையும் உடைக்கலாமா? 2009இல் நீக்கப்பட்ட பெட்டிகள் இணைய அரங்கினை மட்டும் இழக்கவில்லை. நேர்மையாக வாங்கிய விளையாட்டுகளையும் பெட்டியின் வன்தட்டில் பதித்து ஆடும் வசதியை இழந்தன. அது வீட்டினுள், எவரோடும் போட்டியின்றித் தனித்து ஆடுவதற்கு உரிய வசதி. இங்கே அரங்கினரின் கை வாயிலைக் கடந்துவிட்டது என்று கூறுவதில் நமக்குத் தயக்கமில்லை. நிண்டெண்டோ நிறுவனம் 2025 மே மாதத்தில் அமெரிக்கப் பயனாளருக்கெனத் திருத்திய ஒப்பந்தமோ, விதி மீறினால் பெட்டியையே முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ நிலையாகப் பயனறச் செய்யலாம் என்னும் அளவுக்குச் செல்கின்றது.

சோனியின் வரலாறு இதனினும் கூரியது. 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 பெட்டியில் லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்தையும் நிறுவலாம் என்று கூறியே விற்றனர். 2010 ஏப்ரல் 1ஆம் நாள், பாதுகாப்பைக் காரணம் காட்டி, அவ்வசதியை ஒரு மென்பொருள் திருத்தத்தால் நீக்கினர். திருத்தத்தை ஏற்காதவர்க்கு இணைய அரங்கு அடைக்கப்பட்டது. ஏற்றால் ஒன்றை இழக்க வேண்டும். ஏற்காவிடில் மற்றொன்றை இழக்க வேண்டும். இரண்டிற்கும் விலை கொடுத்தே வாங்கியிருந்தனர். எந்தப் பெட்டியையும் திறவாத, எந்த வட்டையும் படி எடுக்காத மக்களும் இவ்விழப்புக்கு ஆளாயினர். பலர் கூடி வழக்குத் தொடுக்க, 2018இல் அது இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

இல்லறத்தார்க்கு உரிய கள்ளாமை விரதத்தைப் பற்றி நம் ஒழுக்க நூல்கள் கூறும் ஐந்து குற்றங்களை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். களவுக்கு ஒருவனைத் தூண்டுதல், களவாடிய பொருளைக் கொள்ளுதல், அரசாணையைக் கடத்தல், நல்ல பொருளோடு அதனை ஒத்த போலியைக் கலத்தல், அளவிலும் எடையிலும் கூட்டிக் குறைத்தல் என்பன அவை. முதல் இரண்டையும் படித்தவுடன் மாற்றுச் சில்லு விற்பவனும், படி வட்டு வாங்குபவனும் நம் கண்முன் நிற்பர். ஆயின் இறுதியில் நிற்பது யாருடைய குற்றம்? தராசு பிடித்தவனுடைய குற்றம். ஒரு பெட்டியை முழு அளவாகக் காட்டி விலை பெற்றுக்கொண்டு, விற்றபின் அதில் ஒரு பகுதியைக் குறைத்தல் குறையளவே ஆகும். வாங்குவோன் செய்யும் களவையும் விற்போன் செய்யும் களவையும் ஒரே பட்டியலில் வைத்த பெரியோரின் நடுவுநிலைமையை எண்ணி வியக்கின்றோம்.

நம் துணிபு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். பொது அரங்கின் நேர்மையைக் கெடுக்கும் பெட்டியை அரங்கிலிருந்து தடுப்பது நியாயம். அத்தடை அரங்கின் வாயிலோடு நிற்க வேண்டும். உரியவனின் வீட்டினுள் கை நீட்டலாகாது. தடை, செய்தவனைச் சேர வேண்டும். பெட்டியோடு பயணம் செய்து அறியாதவனை அடையலாகாது. தடுக்கப்பட்டவனுக்குக் காரணம் கூறப்பட வேண்டும். அவன் கூறுவது கேட்கப்பட வேண்டும். பெட்டியைப் பழைய நிலைக்கு மீட்டு, செய்ததற்கு வருந்தி வருபவனுக்கு ஒரு காலத்திற்குப் பின்னரேனும் வாயில் திறக்க வேண்டும். கழுவாயே இல்லாத குற்றமாக ஒரு சிறுவனின் விளையாட்டுப் பிழையைக் கருதுவது தகாது. பெருங்குற்றங்களுக்கும் கழுவாய் வகுத்த மரபில் வந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

நிறுவனங்களுக்கு உரியதைக் கூறினோம். இனி, நம் இல்லங்களுக்கு உரியதையும் கூறாது விடுதல் நேர்மையன்று. படி எடுத்த வட்டுகள் மலிவாகக் கிடைக்கும் என்பதற்காகப் பிள்ளையைக் கைப்பிடித்துக் கடைக்கு அழைத்துச் சென்று, 'இதனை மாற்றித் தாருங்கள்' என்று பெட்டியைக் கொடுக்கும் பெற்றோர் உளர். சில நூறு ரூபாய் மிச்சம் என்று அவர்கள் மகிழ்கின்றனர். கடைக்காரர் பெட்டிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும்போது, அருகில் நிற்கும் பிள்ளையும் அதனைக் கற்றுக்கொள்கின்றது. பின்னொரு நாள் பெட்டி தடுக்கப்படும்போது, 'யாருக்காவது விற்றுவிடலாம், சொல்லாமல் விற்றால் நல்ல விலை கிடைக்கும்' என்று அப்பிள்ளையே கூறுமாயின், அதனை யார் கற்றுத் தந்தது என்று வினவ நமக்கு வாய் எழாது.

அவ்வாறு நேர்ந்துவிட்ட இல்லத்திலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விற்கும்போது, 'இது தடுக்கப்பட்ட பெட்டி. இணையத்தில் ஆட இயலாது. ஆதலின் இவ்வளவே விலை' என்று பிள்ளையின் வாயாலேயே சொல்லச் செய்து விற்கலாம். விலை குறையும். ஆயினும் அந்த வினை அவ்வீட்டோடு நின்றுவிடும். அறியாத வேறொரு சிறுவனின் வாயிற்படியை அது மிதிக்காது.